ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகுமா?

வேலை பார்க்கும் இடத்தில் மேலாளர் தோளில் கை வைப்பதையும் இரவில் செய்தி அனுப்புவதையும் பற்றி எழுதி, நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியருக்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் பொருந்துமா என்பது ஒன்று. நிரூபிக்க முடியாமல் போனால் புகார் கொடுத்தவர் மேலேயே நடவடிக்கை பாயும் என்று ஹெச்.ஆர். அதிகாரி சொன்னது உண்மையா என்பது மற்றொன்று. நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் மூன்றாவதாக ஒன்றும் தெரிகிறது: வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ, திறக்காவிட்டால் இது நிற்கவே நிற்காதோ என்ற தவிப்பு. முதல் இரண்டுக்கும் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. மூன்றாவதற்குப் பாதிப் பதில்தான் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த காலத்திலிருந்து சில நிறுவனங்களின் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்து வருகிறேன். உங்கள் தரப்பை மட்டும், அதுவும் சுருக்கமாகக் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சொல்லும் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மேலாளர் கடைசியாக இரவில் செய்தி அனுப்பி ஏறக்குறைய பத்து வாரம் ஆகிறது என்கிறீர்கள். அடுத்த சில நாட்களிலேயே ஹெச்.ஆரிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். "நான் சொல்லிட்டேன், அவங்கதான் எதுவும் செய்யல" என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான இந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைக் கேட்கிறது. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். அது இதற்கென நிறுவனத்துக்குள் அமைத்திருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். ஹெச்.ஆர். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது இந்த மூன்றில் எதையும் நிறைவேற்றாது. நல்ல அதிகாரியாக இருந்திருந்தால் அன்றைக்கே உங்களைக் குழுவின் பக்கம் திருப்பிவிட்டு, எழுதத் தெரியாவிட்டால் எழுதவும் உதவியிருப்பார். எழுத முடியாதவருக்கு எழுத்தில் தர எல்லா உதவியும் செய்ய வேண்டியது குழுவின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. "எழுத்துல குடுக்காதம்மா, பேசித் தீர்த்துக்கலாம்" என்பதை நான் பல அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். சொல்பவர் எப்போதும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அந்த வார்த்தையை நம்பிக் காத்திருந்தவர்களின் மூன்று மாதம் எங்கே போனது என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை.

தக்க காரணம் இருந்தால், அதை எழுத்தில் பதிவு செய்து, குழு இன்னொரு மூன்று மாதம் வரை கால நீட்டிப்பு தரலாம். ஹெச்.ஆர். தடுத்தார் என்பது என் கணிப்பில் நல்ல காரணம்தான். ஆனாலும் நீட்டிப்பு என்பது குழுவின் கையில் இருப்பது, உங்கள் உரிமை அல்ல. அதற்கு அப்பால் போனால் நிலைமை கடினம். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீது பேராசிரியர் ஒருவர் கொடுத்த புகார் அது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரலில், புகார் அந்த ஆண்டு டிசம்பரில். ஏப்ரல் சம்பவத்துக்குப் பிறகு தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அதே துன்புறுத்தலின் தொடர்ச்சிதான் என்று அவர் வாதாடினார். அது நிர்வாக நடவடிக்கை, பாலியல் துன்புறுத்தலின் தொடர்ச்சி ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது; புகார் காலம் கடந்தது என்று தள்ளுபடி ஆனது. தவறை மன்னிக்கலாம், ஆனால் மறக்கக் கூடாது என்று சொல்லி, இந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரத்தில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். புகார் கொடுத்தவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்பது வேறு விஷயம். உங்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: மதிப்பீட்டில் மதிப்பெண் குறைத்ததையும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டேன் என்பதையும் 'கடைசிச் சம்பவம்' என்று வைத்து நாட்களை எண்ணாதீர்கள். கடைசியாக வந்த அந்தச் செய்தியின் தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

இப்போது ஒப்பந்த ஊழியர் கேள்வி. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர், பயிற்சியாளர், தொழில் பழகுநர், தகுதிகாண் காலத்தில் இருப்பவர், சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர் என்று எல்லோரையும் 'ஊழியர்' என்ற சொல்லுக்குள் சட்டம் கொண்டுவந்துவிட்டது. முதன்மை நிறுவனத்துக்கு, அதாவது வேலை நடக்கும் நிறுவனத்துக்கு, தெரியாமல் ஒப்பந்தக்காரர் அமர்த்தியவர்கூட அதில் அடக்கம். புகார் கொடுக்கும் பெண் அந்த இடத்தில் வேலை பார்ப்பவராகவே இருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளராக வந்தவரும் கொடுக்கலாம். இதற்கு ஒரு பின்னணி உண்டு. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற பெண் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற கிராமப் பணியாளராக இருந்தார். சொற்ப மதிப்பூதியம்தான், நிரந்தர வேலை அல்ல. ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்குப் பழிவாங்கலாக 1992-இல் அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவருடைய வேலையே அவரை அந்த ஆபத்தில் தள்ளியது, காப்பாற்ற எந்த ஏற்பாடும் இல்லை என்பதை முன்வைத்து மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு 1997-இல் வந்தது. 16 ஆண்டுகள் கழித்து அந்த நெறிமுறைகளே 2013 சட்டமாயின. அது அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆக, நிரந்தர ஊழியர் அல்லாத ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததிலிருந்து பிறந்த சட்டம் இது. "நீங்க எங்க எம்ப்ளாயியே இல்லையே" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

எந்தக் குழுவிடம் போவது? மேலாளர் முதன்மை நிறுவனத்தின் ஆள், சம்பவம் நடந்ததும் அங்கே. அந்த நிறுவனத்தின் குழுவிடமே கொடுங்கள், பிரதியை ஏஜென்சிக்கும் அனுப்புங்கள். அவரைத் தண்டிக்கும் அதிகாரம் அவருடைய நிறுவனத்துக்குத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் உங்களைப் பந்தாடினால், குற்றம் சாட்டப்பட்டவர் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் பெண்ணின் பணியிடத்துக் குழு விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது கைகொடுக்கும். பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் குழுவே இல்லாத இடம், அல்லது புகாரே முதலாளி மேல்தான் என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அதுதான் இடம். பல மாவட்டங்களில் இந்தக் குழு காகிதத்தில் மட்டும் இருந்ததால்தான் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கெடு வைத்து உத்தரவு போட வேண்டியிருந்தது. மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் என்ற இணையதளத்திலும் பதியலாம். அதிலிருந்தும் புகார் கடைசியில் உரிய குழுவுக்குத்தான் வந்து சேரும். ஆனால் எந்தத் தேதியில் பதிந்தீர்கள் என்பதற்கு ஒரு சாட்சி கிடைக்கும்.

குழு யார் யார் என்று பாருங்கள். தலைவர் அந்த அலுவலகத்தில் மூத்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். ஊழியர்களில் குறைந்தது இருவர், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பெயர்களைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம். பல அலுவலகங்களில் தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமானவர் பெயர் இருக்கும். அப்படி இருந்தால் அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். வெளி உறுப்பினர் இல்லாமலும் முறை தவறியும் அமைந்த குழுவின் விசாரணை செல்லாது என்று நீதிமன்றங்கள் ரத்து செய்தது உண்டு. குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி அதே தவறு செய்தால் இரண்டு மடங்கு, தொழில் உரிமமே போகவும் வாய்ப்புண்டு.

நடந்தவை இந்தச் சட்டத்தின் கீழ் வருமா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருப்பது தெரிகிறது. "தோள்ல கை வெச்சார், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். விருப்பமில்லாத தொடுதல், நெருங்க முயற்சி, பாலியல் ரீதியான உதவி கேட்பது, உடலைப் பற்றிய பேச்சு, ஆபாசம் காட்டுவது, வார்த்தையாலோ சைகையாலோ அந்த வகையில் செய்யும் எதுவும் வரும். அலுவலகம் ஏற்பாடு செய்த காரும் பணியிடமே. இரவு பதினொரு மணி வாட்ஸாப் செய்தியை 'அலுவலக நேரத்துக்கு வெளியே' என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். 'வாட்ஸாப்' என்ற சொல் சட்டத்தில் இல்லைதான். ஆனால் மேலாளர்–ஊழியர் உறவை வைத்துக்கொண்டு அனுப்பியது எந்த நேரத்தில் வந்தாலும் வேலையோடு சேர்ந்ததே என்றுதான் நான் இருந்த குழுக்கள் எடுத்துக்கொண்டன. தொடவே இல்லையே என்ற வாதம் 1999-லேயே அடிபட்டுப் போனது. ஆடை ஏற்றுமதிக் கழக வழக்கில், பெண் ஊழியரைத் துன்புறுத்தியதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்ட அதிகாரி 'முயன்றார், தொட்டுவிடவில்லை' என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்திருந்தது. உடல் தொடுதல் கட்டாயமில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை மறுபடி உறுதி செய்தது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. ஊழியர்களுக்குப் பின்னால் நெருங்கி நிற்பதும் மேற்பார்வைதான், தப்பான எண்ணம் இல்லை என்றார் ஒரு மேலாளர். செய்தவரின் எண்ணத்தைவிட அது அந்தப் பெண்களுக்கு எப்படிப் பட்டது என்பதே முக்கியம் என்றது நீதிமன்றம். 'தோளில் கை, அவ்வளவுதான்' என்பதை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது உங்களை அதிகம் பயமுறுத்தும் விஷயம். "நிரூபிக்கலேன்னா உங்க மேலதான் ஆக்‌ஷன்" என்று ஹெச்.ஆர். அதிகாரி சொன்னது பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட மோசம். 14-ஆம் பிரிவில் பொய்ப் புகாருக்கு நடவடிக்கை என்று இருக்கிறது. அதே பிரிவில், புகாரை நிரூபிக்க முடியாமல் போனது என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை கூடாது என்றும் இருக்கிறது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்பதை அதற்கென விசாரித்து நிறுவிய பிறகுதான் எதுவும் செய்யலாம். இத்தனை ஆண்டில் நான் உட்கார்ந்த குழுக்களில் 'நிரூபணம் ஆகவில்லை' என்று முடிந்த புகார்கள் பல. 14-ஆம் பிரிவைத் தொட்டது ஒரே ஒரு முறை. அதுவும் தேதி மாற்றிய ஒரு மின்னஞ்சல் கையும் களவுமாகப் பிடிபட்டதால்.

நிரூபணம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். குற்ற வழக்கில் போல 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற உயரம் இங்கே தேவையில்லை. இரண்டு தரப்பையும் தராசில் வைத்தால் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். இப்படிப்பட்டவை நாலு பேர் பார்க்க நடப்பதில்லை என்பது குழுவில் உட்காரும் யாருக்கும் தெரியும். நேரில் பார்த்த சாட்சி இல்லாவிட்டாலும் உங்கள் வாக்குமூலமே சாட்சியம். அது முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கிறதா, சூழ்நிலைச் சான்றுகள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். அன்றிரவு உங்கள் அக்காவுக்கு நீங்கள் அனுப்பிய "இந்த ஆள் திரும்பவும் ஆரம்பிச்சிட்டான்" என்ற செய்தி, நீங்கள் நினைப்பதைவிடக் கனமானது. கார் பயணப் பதிவு, அந்த வாரத்திலிருந்து குழுக் கூட்டங்களில் உங்களைச் சேர்க்காமல் விட்ட நாள்காட்டி அழைப்புகள், ஒரே காலாண்டில் நாலிலிருந்து இரண்டுக்கு விழுந்த மதிப்பெண் எல்லாமே அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மூலச் செய்தியை அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள். பின்னால் நீதிமன்றம் போனால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலக் கருவி இருப்பது நல்லது. அலுவலக லேப்டாப்பில் இருப்பது நாளைக்கே உங்கள் கையை விட்டுப் போகலாம். ஆனால் அலுவலகத்தின் மற்ற ரகசிய ஆவணங்களை வாரிக்கொண்டு வராதீர்கள். உங்களுக்கு எதிராக ஒரு கிளைக் கதையை அவர்களுக்கு நீங்களே எடுத்துக்கொடுத்ததாகிவிடும்.

அந்த ஸ்மைலி விஷயம். முதல் இரண்டு செய்திகளுக்குச் சிரிப்பு முகம் போட்டுப் பதில் அனுப்பியதாகக் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். இது உங்களுக்கு எதிராகப் பயன்படும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு குழுவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினரே, "பிடிக்கலேன்னா எதுக்கும்மா சிரிச்சீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண், "சார், என் ரிப்போர்ட்டிங் மேனேஜருக்கு வேற என்ன பதில் அனுப்பறது?" என்று திருப்பிக் கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. அதிகாரத்தில் இருப்பவரிடம் ஒருவர் மரியாதைக்காகச் சிரிப்பதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்பதை அனுபவம் உள்ள குழு புரிந்துகொள்ளும். அனுபவம் இல்லாத குழு புரிந்துகொள்ளுமா என்று என்னால் உறுதி தர முடியாது. ஆகவே அந்தச் செய்திகளை மறைக்காதீர்கள். அவர் எடுத்துக் காட்டும் முன் நீங்களே புகாரில் சொல்லிவிடுங்கள்: இப்படிப் பதில் போட்டேன், இந்தப் பயத்தில் போட்டேன், இந்தத் தேதியில் வெளிப்படையாக நிறுத்தச் சொன்னேன் என்று. உங்களிடம் அந்த "ப்ளீஸ், இப்படி மெசேஜ் பண்ணாதீங்க" என்ற செய்தி இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான காகிதம் அதுதான்.

புகார் போனபின் என்ன நடக்கும் என்பது சுருக்கமாக. ஏழு வேலை நாளில் பிரதி அந்த மேலாளருக்குப் போகும், பத்து வேலை நாளில் அவர் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அதிலிருந்து பத்து நாளில் அறிக்கை, அதன் மேல் நிறுவனம் 60 நாளில் நடவடிக்கை. முடிவில் திருப்தி இல்லாத தரப்பு 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 90 நாள் தாண்டிவிட்டால் விசாரணையே செத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், ஆனால் தாமதத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டு பக்கமும் வழக்கறிஞர் குழு முன் வந்து நிற்க முடியாது. பின்னாலிருந்து எழுதிக் கொடுக்கலாம், உங்களுக்கும் கொடுக்கலாம். குறுக்கு விசாரணை அவருடைய உரிமை என்று நீதிமன்றங்கள் சொல்கின்றன. அதை எப்படி நடத்துவது என்பதில்தான் நடைமுறை குழுவுக்குக் குழு மாறுகிறது. அவரை நேருக்கு நேர் பார்க்க முடியாது என்றால் கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே கேட்கும்படி முன்கூட்டியே கோருங்கள். நான் இருந்த குழுக்களில் அப்படித்தான் செய்தோம். சமரசம் என்ற வழியும் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் கேட்டால்தான் உண்டு, குழு உங்கள் மேல் திணிக்கக் கூடாது, பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதை அடிப்படையாக வைக்கவும் கூடாது. ஹெச்.ஆர். சொன்ன 'பேசித் தீர்த்துக்கலாம்' இதில் சேராது.

வேலை போகுமா என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சட்டத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் இன்ன தண்டனை என்று தனியாக ஒரு பிரிவு இதில் இல்லை. வேலைக்குப் பாதகம் வரும் என்று மிரட்டுவதும், வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குவதும் துன்புறுத்தலின் வடிவங்களாக 3-ஆம் பிரிவில் வருகின்றன. மறுத்த பிறகு மதிப்பெண் விழுந்ததை அந்தப் பிரிவோடு சேர்த்துப் புகாரிலேயே எழுதுங்கள். தனிச் சம்பவமாக எழுதினால் மேலே சொன்ன துணைவேந்தர் வழக்கின் கதி வரலாம். 'மறுத்தேன், அதனால் இது' என்ற தொடர்பைத் தேதியோடு காட்டினால் நிற்க வாய்ப்பு அதிகம். விசாரணை நடக்கும்போதே இடைக்கால நிவாரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவரை அல்லது உங்களை வேறு பிரிவுக்கு மாற்றுவது, மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு, உங்கள் வேலையை மதிப்பிடும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் தருவது எல்லாம் இதில் வரும். கடைசியாகச் சொன்னதைக் கட்டாயம் கேளுங்கள். எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும், தானாக யாரும் தரமாட்டார்கள். மாற்றம் கேட்டால் 'அவரை' மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வசதிக்காகப் பெண்ணைத்தான் முதலில் நகர்த்துவார்கள்.

ஒப்பந்தம் முடிகிற தேதியைக் குழு தள்ளிப்போட முடியுமா? இதில் நான் உறுதி சொல்லமாட்டேன். குழு பரிந்துரைக்கலாம் என்பது என் வாசிப்பு. ஆனால் பெரும்பாலான குழுக்கள் அந்த அளவுக்குத் துணிவதில்லை. துணிந்தாலும் ஏஜென்சி 'வேலை முடிந்தது' என்று சொல்லும். அப்படி நடந்தாலும் புகார் சாகாது. வேலையை விட்ட பிறகும் கால வரம்புக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த புகார் தொடரும், முடிவில் இழப்பீடும் உண்டு. மன உளைச்சல், வேலை வாய்ப்பு இழப்பு, மருத்துவச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம் இவற்றைப் பார்த்துத் தொகை வைப்பார்கள், அவருடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். 'எல்லாம் பைசல்' என்ற கடைசிக் கணக்குத் தாளில் கையெழுத்துக் கேட்டால், புகார் நிலுவையில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள்.

போலீஸ் பக்கம் இதிலிருந்து தனி. குழுவிடம் போனதால் காவல் நிலையம் போகக் கூடாது என்றில்லை, இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். நீங்கள் விரும்பினால் அதற்கு உதவ வேண்டியதும் நிறுவனத்தின் கடமை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 75-ஆம் பிரிவு பழைய 354ஏ: விருப்பமில்லாத தொடுதலுக்கும் பாலியல் உதவி கேட்பதற்கும் மூன்று ஆண்டு வரை, ஆபாசப் பேச்சுக்கு ஓராண்டு வரை. பின்தொடர்ந்து செய்தி அனுப்புவது 78-ஆம் பிரிவில் வரலாம். எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். இங்கே கால வரம்பு மூன்று மாதம் அல்ல. ஓராண்டுத் தண்டனைக் குற்றத்துக்கு ஓராண்டு, மூன்றாண்டுத் தண்டனைக்கு மூன்று ஆண்டு. குழுவின் கதவு மூடிவிட்டாலும் இது திறந்திருக்கும் என்பது ஆறுதல். ஆனால் அங்கே நிரூபண அளவு உயரம், காலமும் நீளம். உங்கள் முதல் தேவை அவரிடமிருந்து விலகி நிம்மதியாக வேலை பார்ப்பது என்றால் குழு வழிதான் வேகம். அவரால் உடலுக்கு ஆபத்து, பின்தொடர்கிறார் என்றால் யோசிக்காமல் காவல் நிலையம். எந்த வழி போனாலும் வழக்கறிஞர் கட்டணத்துக்குத் தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு இணைப்பார்கள்.

உங்கள் அணியில் இருக்கும் அந்தத் தம்பிக்கும் இதே ஆள் அருவருப்பான படங்கள் அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். 2013 சட்டம் பெண்களுக்கு மட்டுமானது. அவர் இந்தக் குழுவில் புகார்தாரராக வர முடியாது. இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நிறுவனத்தின் நடத்தை விதிகளின் கீழ் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கொடுக்கலாம், சில நிறுவனங்கள் தங்கள் விதிகளில் ஆண்களையும் சேர்த்திருக்கின்றன. உங்கள் புகாரில் அவர் சாட்சியாக வரலாம். வருவாரா என்று இப்போதே கேட்டு, சம்மதித்தால் பெயரைப் பட்டியலில் சேருங்கள்.

ஒன்றை உடனே செய்யுங்கள்: உங்கள் கேள்வியில் அந்த மேலாளருடைய பெயரின் முதலெழுத்தும், நிறுவனம் இருக்கும் வளாகமும் வருகின்றன. எடுத்துவிடுங்கள். புகாரின் விவரங்களும் இரு தரப்பின் அடையாளமும் பொதுவெளிக்குப் போகக் கூடாது என்பது 16-ஆம் பிரிவு. வீட்டில் சொல்வதையோ வழக்கறிஞரிடம் சொல்வதையோ அது தடுக்கவில்லை. பொதுவில் போட்டால் அவதூறு நோட்டீஸ் என்று அவருக்கு ஒரு ஆயுதம் கிடைக்கும், உங்கள் கவனம் அங்கே சிதறும்.

புகாரை எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். இலக்கியம் வேண்டாம். முதல் வரியில் யார், யாருக்கு, எந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின் கீழ். பிறகு தேதி வரிசையில் ஒவ்வொரு சம்பவமும்: எங்கே, யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை அப்படியே. கூச்சமான வார்த்தையாக இருந்தாலும் மாற்றி எழுதாதீர்கள். 'தவறாகப் பேசினார்' என்ற வரியை வைத்துக்கொண்டு எந்தக் குழுவும் ஒன்றும் செய்ய முடியாது. சரியான தேதி நினைவில்லை என்றால் 'அந்த மாத இரண்டாம் வாரம்' என்று எழுதுங்கள், ஊகித்துத் தேதி போடாதீர்கள். ஹெச்.ஆரிடம் நேரில் சொன்ன நாளும், அவர் சொன்ன பதிலும் ஒரு பத்தி. இடைக்கால நிவாரணக் கோரிக்கை தனிப் பத்தி. கடைசியில் சாட்சிகள், இணைப்புகளின் பட்டியல். விதிப்படி ஆறு பிரதி கொடுக்க வேண்டும். நீங்கள் ஏழு எடுங்கள். ஏழாவதில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால், வாதாடிக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே குழுத் தலைவரின் மின்னஞ்சலுக்கும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். இதையெல்லாம் இந்த வாரத்துக்குள்.